லைசென்ஸ் யார் பேரில்

பிரின் ஐதின் என்ற பண்ணை வீட்டின் கூரையில் ஏரியல் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் ஏறிப் போகும் மேட்டில், கடைசிக் கல்சுவரையும் தாண்டி, காற்று ஆளைத் தள்ளுகிற இடத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் கட்டியிருக்கிறது. அங்கிருந்து வயர் மஞ்சள்பூ முட்புதர்களுக்குள் நுழைந்து, ஓடையைத் தாண்டி, மாட்டுக்கொட்டகை ஓரமாக இறங்கி அடுக்களைச் சன்னலுக்கு வரும். வருஷத்தில் இரண்டு தடவையாவது ஏதாவது ஓர் ஆடு அதைக் கடித்து வைக்கும். உடனே எனக்கு ஆள் வரும். வேல்ஸின் வடபகுதியில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் ஜோன்ஸ், மீதிப் பேர் வில்லியம்ஸ். அதனால் தொழிலை வைத்துத்தான் ஆளை அழைப்பார்கள். என் பேர் ஈவோர், ஊருக்கு நான் ஏரியல் ஈவோர்.

மேட்டில் கம்பம் நட்டதற்குச் சிக்னல் மட்டும் காரணமில்லை. அந்த வீட்டுக்கு டிவி வந்த சமயத்தில் எங்கள் பழைய போதகர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கத்தில் டிவியை வெளுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரன் எம்லினைச் சபைக்கு மூப்பராக எடுக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூரையில் ஏரியல் நின்றால் சபைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மேட்டு உச்சியில் இருந்தால் காக்கைதான் பார்க்கும். எம்லின் என் காதில் வந்து சொன்னான், நானும் கேள்வி கேட்காமல் கம்பத்தைச் சுமந்தேன். அவன் மூப்பரும் ஆனான்.

இது நடந்து பல வருஷம் கழித்து, எண்பதாம் வருஷம் ஆடு குட்டி போடுகிற பருவத்தில், மறுபடியும் வயர் அறுந்தது. நான் போனபோது பனிமழை அடித்துக்கொண்டிருந்தது. எம்லின் இரவெல்லாம் ஆடுகளோடு நின்றுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்து, சாக்குத் துணியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நெஸ்டா எனக்கு டீ ஊற்றினாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல் நெஸ்டாதான். பேச்சு குறைவு, ஆனால் கண் எல்லாவற்றிலும் இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் தாயில்லாக் குட்டி ஒன்று கிடந்தது. ஐந்து வயது மெலெரி அதற்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டே அதோடு பேசிக்கொண்டிருந்தாள். பேசியது இங்கிலீஷில்.

எங்கள் பக்கத்தில் நாயோடு இங்கிலீஷ் பேசுவது வழக்கம். ஆடு மேய்க்கும் நாய்க்கு வா, போ, படு எல்லாமே இங்கிலீஷ்தான். அதன் அப்பனுக்கும் அப்படித்தான் சொல்லிப் பழக்கினார்கள். மனிதர்களோடும் மாட்டோடும் ஆட்டோடும் கடவுளோடும் பேசுவது எங்கள் வெல்ஷ் பாஷையில். இதை யாரும் உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை, அப்படி ஆகிவிட்டது. குட்டிக்கு இங்கிலீஷ் என்பது நானும் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

எம்லின் தலையைத் தூக்கி, "ஏம்மா, அது என்ன நாயா?" என்றான்.

"குட்டிப்பா."

"அப்புறம் எதுக்கு இங்கிலீஷ்?"

மெலெரி அப்பாவைப் பார்த்த பார்வையில், இது கூடத் தெரியாதா என்பது இருந்தது. "டிவியில வர்ற குட்டிங்க எல்லாம் இங்கிலீஷ்தான் பேசுது. இதுக்கு வெல்ஷ் புரியாது."

நான் சிரித்துவிட்டேன். எம்லின் சிரிக்கவில்லை. லண்டனில் இருக்கிற அரசாங்கம் எங்கள் பாஷையில் தனிச் சேனல் தருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கையை விரித்திருந்த நேரம் அது. சேனல் வரும்வரை லைசென்ஸ் காசு கட்ட மாட்டோம் என்று அங்கங்கே ஆட்கள் கிளம்பியிருந்தார்கள். டிவி வைத்திருக்கும் வீடு ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை போஸ்ட் ஆபீஸில் கட்ட வேண்டிய காசு அது. கட்டாவிட்டால் கோர்ட், கோர்ட்டு போட்ட அபராதத்தையும் கட்டாவிட்டால் ஜெயில். எம்லின் அதுவரை அந்தப் பேச்சில் தலை கொடுக்கவில்லை. அன்று புட்டியை உறிஞ்சுகிற குட்டியைப் பார்த்துக்கொண்டே, இந்த வருஷம் இந்த வீட்டிலிருந்து ஒரு செம்புக் காசு போகாது என்றான்.

"அப்படின்னா பெட்டியை எடுத்துக் கொட்டகையில போடு" என்றாள் நெஸ்டா.

"எதுக்கு?"

"காசு குடுக்கலைன்னா பார்க்கக் கூடாது. பார்த்தா குடுக்கணும்."

"பெட்டியைத் தூக்கி வெளிய போட்டா அது போராட்டமா? வீடு கூட்டறதுன்னு பேரு. பெட்டி இருக்கணும், ஓடணும், காசு மட்டும் கட்டக் கூடாது. அப்பத்தான் அவனுக்கு உறைக்கும்."

"உனக்கு ரக்பி ஆட்டம் பார்க்கணும்னு சொல்லேன்."

எம்லின் என் பக்கம் திரும்பி, ஏரியல், நீ சொல்லு என்றான். நான் டீக்குள் பார்த்துக்கொண்டேன். என் டிவிக் கடையில் ஆளாளுக்குப் பெட்டி வாங்கினால்தான் என் அடுப்பு எரியும். லைசென்ஸ் கட்டாதே என்று நான் சொன்னால் என் வாயே என் சோற்றைத் தட்டிவிடும். கட்டு என்று சொன்னால் எம்லின் அடுத்த தடவை வயரை அவனே முடிச்சுப் போட்டுக்கொள்வான்.

அந்த வசந்தம் முழுக்க ஊரில் இதே பேச்சு. போஸ்ட் ஆபீஸ் டிலிஸ், லைசென்ஸ் காசு என்பது சபைக் காணிக்கை மாதிரி என்றாள். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால்தான் மலைமேல் தனியாகக் கிடக்கிறவன் வீட்டுக்கும் ஒரு குரல் போய்ச் சேரும், விளம்பரக் காசில் டிவி நடத்துகிறவனுக்கு அந்த ஆளால் என்ன லாபம் என்று கேட்டாள். மூத்த மூப்பர் க்விலிம் வீட்டில் டிவியே கிடையாது. இல்லாத பெட்டிக்கு லைசென்ஸ் எங்கே என்று அவருக்கும் கடிதம் வந்துகொண்டிருந்தது. பாவம் செய்யாமலே நோட்டீஸ் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாதி நேரம் எனக்கு டிலிஸ் சொல்வது சரியாகப் பட்டது. எம்லின் பேசக் கேட்டால் அது சரியாகப் பட்டது. எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

எம்லினுக்குக் கடிதங்கள் வந்தன. பழுப்பு உறையைப் பார்த்ததுமே அவன் அடுப்பு மூடியைத் திறந்து, ஆள் இருக்கும்போதே உள்ளே போடுவான். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்தார்கள். சந்தையிலும் சபை முற்றத்திலும் அவன் பேச்சு நன்றாக எடுபட்டது. தன் மகள் ஆட்டுக்குட்டியோடு இங்கிலீஷ் பேசிய கதையை அவன் சொல்லும்போது குட்டி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக வளர்ந்தது. நெஸ்டா தன் வேலையைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையலுக்குக் காலையில் போனாள், மதியம் வந்தாள், கொட்டகை வேலை பார்த்தாள். ராத்திரி அவன் செய்தி பார்க்கும்போது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னல் போட்டாள். அவள் அந்தப் பருவத்தில் பெட்டியை நேருக்கு நேர் பார்த்து நான் பார்க்கவில்லை.

ஜூலையில் ரோமம் வெட்டுகிற நாள் வந்தது. எங்கள் மலையில் அது ஒரு வீட்டு வேலை இல்லை. இன்றைக்கு பிரின் ஐதின் என்றால் சுற்றுப் பண்ணைகள் எல்லாம் அங்கே கத்திரியோடு வந்து நிற்கும், நாளைக்கு வேறு பண்ணை. கூலி கிடையாது, சாப்பாடுதான். அன்றைக்கு முற்றத்துக்குள் கால் வைத்தவன் யாராக இருந்தாலும் ஒரு வேலை கொடுப்பார்கள், வேலை செய்தவன் யாராக இருந்தாலும் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். வந்த காரியம் என்ன என்று சாப்பாட்டுக்கு முன்னால் கேட்பது மரியாதை இல்லை. அந்த நாளின் சாப்பாட்டை வைத்துத்தான் அடுத்த ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டுப் பெண்ணை ஊர் பேசும்.

நாள் நல்ல வெயிலாக விடிந்தது. ஆண்கள் பெஞ்சுகளில் காலை அகட்டி உட்கார்ந்து, ஆட்டை மடியில் கிடத்திக் கத்திரி போட்டார்கள். வெட்டிய ரோமம் ஒரே போர்வையாகக் கழன்று விழும், பெண்களும் பிள்ளைகளும் அதைச் சுருட்டுவார்கள். நான் தார்ச்சட்டியோடு நின்று, வெட்டின ஆட்டுக்குப் பண்ணையின் எழுத்தைக் குத்திக்கொண்டிருந்தேன். கொட்டகை உத்தரத்திலிருந்து ஆள் உயரத்தைவிட நீளமான ஒரு கோணிப்பை தொங்கும். சுருட்டின ரோமத்தை அதற்குள் போட, உள்ளே ஒருவன் நின்று மிதிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாமல் எம்லின் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் கறுப்புப் பையும் டையுமாக அந்த இளைஞன் கேட்டைத் திறந்து வந்தான்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபைக்குப் பயிற்சிப் போதகர் ஒருவர் வருவதாக இருந்தது. வாரம் ஒரு வீடு முறை வைத்துப் போதகருக்கு இடம் கொடுப்போம், அந்த வாரம் பிரின் ஐதின் முறை. வந்தவனுக்குச் சுத்தமான வெல்ஷ், கூச்சமான முகம், பளபளக்கும் ஷூ. அவன்தான் அந்தப் போதகர் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எம்லின், அதெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்லி, பையை வாங்கி ஆணியில் மாட்டி, தன் பழைய மேலங்கியை அவனுக்கு மாட்டிவிட்டான். இரண்டு பேர் அவனை அலேக்காகத் தூக்கிக் கோணிக்குள் இறக்கினார்கள். பேர் என்ன என்று யாரோ கேட்டார்கள், கெத்தின் என்று கோணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

பாவம், நன்றாகத்தான் மிதித்தான். முதலில் தலைமுடி கூடத் தெரியவில்லை. ரோமம் நிறைய நிறைய நெற்றி வந்தது, மூக்கு வந்தது, மதியத்துக்குள் தோள்வரை எழுந்துவிட்டான். முகம் முழுக்க ரோமத்தின் எண்ணெய்ப்பிசுக்கு. அவன் மேலே வர வர எம்லின் அவனுக்குத் தன் போராட்டத்தை விளக்கினான். குட்டி கதை, லண்டன் கதை, அடுப்பில் போட்ட நோட்டீஸ் கதை எல்லாம் சொல்லி, "நீங்க எந்தச் சபைக்குப் போனாலும் சொல்லுங்க, பிரின் ஐதின் எம்லின் கட்ட மாட்டான்னு" என்றான். கெத்தின் ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்ல வந்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு ரோமச் சுருட்டு அவன் வாயில் வந்து விழுந்தது.

சாப்பாட்டுக்கு அடுக்களையில் நீளமாகப் பலகை போட்டிருந்தது. நெஸ்டா உப்பிட்ட மாட்டிறைச்சி, புது உருளைக்கிழங்கு, பட்டாணி, மேலே ஆடை கருகும்வரை அடுப்பில் வைத்த அரிசிப் புட்டிங், உலர்திராட்சை ரொட்டி என்று எல்லாம் வைத்திருந்தாள். போதகர் இருக்கும்போது வேறு யார் ஜெபம் சொல்வது என்று க்விலிம் மூப்பர் கெத்தினைக் காட்டினார். அவன் ஒரு கணம் சுற்றிப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, கண்ணை மூடி, நல்ல ஜெபமாகச் சொன்னான். சபையில் வளர்ந்த பிள்ளை என்று தெரிந்தது. க்விலிம் ஆமென் சொன்ன தோரணையைப் பார்த்தால், அவனை அப்போதே எங்கள் சபைக்கு எடுத்துவிடுவார் போலிருந்தது.

எல்லாரும் முள்கரண்டியை எடுத்தார்கள். கெத்தின் மட்டும் உட்காரவில்லை.

"மன்னிக்கணும். நான் போதகர் இல்ல. லைசென்ஸ் ஆபீஸ்லேருந்து வர்றேன்."

இறைச்சியை மென்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்து உள்ளேயே நின்றது. எம்லின் முதலில் சிவந்தான், பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். இந்த நாளுக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன் என்பதுபோல நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நல்லதாப் போச்சு. காலையிலேருந்து எல்லாம் கேட்டுக்கிட்டீங்க இல்ல? எழுதுங்க என் பேரை."

கெத்தின் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்க பேர் இல்லீங்க. இந்த வீட்டு லைசென்ஸ் எப்பவுமே திருமதி நெஸ்டா பேர்லதான் இருந்திருக்கு. நோட்டீஸ் எல்லாம் அவங்களுக்குத்தான் வந்திருக்கு. கோர்ட்டுக்குன்னு போனா அவங்கதான் வரணும்."

எம்லினின் வாய் திறந்தபடி இருந்தது. அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று நான் சத்தியம் செய்வேன். மூப்பர் பதவி பேச்சு நடந்த அந்தக் காலத்தில், டிவி லைசென்ஸில் தன் பேர் இருந்தால் சபைக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, மனைவி பேரைக் கொடுத்திருக்கிறான். பிறகு வருஷா வருஷம் அதே பேரில் புதுப்பித்துப் பழகி, மறந்தே போய்விட்டான். உறையின் மேல் யார் பேர் இருக்கிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டு அடுப்பில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். மேஜையின் இரண்டு பக்கமும் மூப்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேட்டு உச்சியில் கம்பம் ஏன் நின்றது என்பது அவர்களுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. க்விலிம் தன் தட்டிலிருந்த ஒரு உருளைக்கிழங்கை மிக நிதானமாக இரண்டாக வெட்டினார்.

"நான் இப்பவே போயி கட்டிடறேன்" என்றான் எம்லின். "நெஸ்டா, நீ கவலைப்படாதே. டிலிஸ் கடை திறந்திருக்கும். இப்பவே கட்டிடறேன்."

அவன் பயந்தது எனக்கும் புரிந்தது. கோர்ட்டில் தண்டனை ஆனவளைப் பிள்ளைகளுக்குச் சமைக்க வைப்பார்களா என்று ஊரில் முன்பே யாரோ கேட்டிருந்தார்கள். தன் பேச்சுக்குப் பெண்டாட்டியின் வேலை போவதை எந்த மனிதன் பார்த்துக்கொண்டிருப்பான்?

நெஸ்டா புட்டிங் கரண்டியோடு அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள்.

"உட்காரு, எம்லின்" என்றாள். "ரெண்டாவது நோட்டீஸ்லயே என் பேரைப் பார்த்துட்டேன். நீ எப்பப் பார்ப்பேன்னு பொறுத்திருந்தேன். ஊரெல்லாம் பேசினே. ஒருத்தராவது, நெஸ்டா, நீ என்ன நினைக்கிறேன்னு கேட்டீங்களா? பேர் என்னுதுன்னா பேசறதும் நான்தான்." பிறகு கெத்தினிடம் திரும்பி, "எழுதிக்கோங்க தம்பி. நான் கோர்ட்டுக்கு வரேன். முதல்ல சாப்பிடுங்க, காலையிலேருந்து மிதிச்சிருக்கீங்க" என்று அவன் தட்டில் இறைச்சியைப் பரிமாறினாள்.

அவன் சாப்பிட்டான். அழுதுவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உண்மையான பயிற்சிப் போதகர் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரைக் கேட்டில் நிறுத்தி, நீங்கள் யார் என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

கோர்ட்டுக்கு எம்லினும் நானும் கூடப் போனோம். அவன் சபைக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தான். வழி முழுக்க, இப்போதுகூடக் கட்டிவிடலாம், வழக்கை எடுத்துவிடுவார்கள் என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். நெஸ்டா சன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு, வைக்கோல் இந்தத் தடவை நேரத்துக்குக் காயும் என்று மட்டும் சொன்னாள்.

நீதிபதிகள் மூன்று பேர், நடுவில் இருந்தவருக்கு வெல்ஷ் தெரியாது. நெஸ்டா வெல்ஷில்தான் பேசுவேன் என்றாள். அது அவளுக்கு உரிமை, அதனால் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"லைசென்ஸ் காசே கூடாதுன்னு சொல்ல நான் வரலீங்க. ஒவ்வொரு வீடும் குடுக்கணும். மலைமேல தனியா இருக்கறவருக்கும் டவுன்ல இருக்கறவருக்கும் ஒரே மாதிரி வந்து சேரணும்னா, எல்லாரும் சேர்ந்துதான் குடுக்கணும். ஆனா எல்லார் வீட்டுக் காசையும் வாங்கற பெட்டி எல்லார் வீட்லயும் பேசணும். என் பொண்ணு ஆட்டுக்குட்டிகிட்ட இங்கிலீஷ் பேசறா. அதுக்கு நம்ம பாஷை புரியாதுன்னு நினைக்கிறா. அவ பாஷையில அந்தப் பெட்டி பேசற அன்னிக்கு, என் வீட்லேருந்து ஆள் போஸ்ட் ஆபீஸ்ல நிக்கும். அதுவரைக்கும் குடுக்கவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். என் புருஷன் பார்த்துக்கிட்டே குடுக்க மாட்டேன்னான். அது எனக்குச் சரியாப் படல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எம்லின் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் பிறகு கட்டுவதாகச் சொல்கிறார் என்று இங்கிலீஷில் ஒரே வரியில் முடித்தார்.

நெஸ்டா உட்காரவில்லை. அவள் இங்கிலீஷ் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. டவுன் கடைக்குப் போனாலும் விரலை நீட்டித்தான் வாங்குவாள். அன்று அவள் நடுவில் இருந்தவரைப் பார்த்து, தெளிவான இங்கிலீஷில், "நான் சொன்னது அதில்லை. முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள்" என்றாள். செய்தி வாசிக்கிற பெண்ணின் உச்சரிப்பு அப்படியே இருந்தது. அத்தனை வருஷமும், முதுகைக் காட்டிக்கொண்டு பின்னல் போட்டபோதுகூட, காது அந்தப் பெட்டிப் பக்கம்தான் இருந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் முகம் சிவந்து முழுவதையும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க நான் முயலவும் இல்லை.

அபராதம் போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வாத்து விற்று அவள் அபராதத்தைக் கட்டினாள். அபராதம் சட்டம் சொன்னது, லைசென்ஸ் வேறு என்றாள். பள்ளிக்கூட வேலை போகவில்லை. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, திங்கட்கிழமைக்கு என்ன சமைக்கிறீங்க என்று கேட்டுவிட்டுப் போனாராம். அவ்வளவுதான் விசாரணை.

கோர்ட்டிலிருந்து வந்த அன்றே நெஸ்டா டிவியை மாட்டுக்கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். நானும் எம்லினும்தான் தூக்கினோம். அதன் மேல் ஒரு கோழி அடை உட்கார்ந்தது. பிறகு கொஞ்ச நாளிலேயே லண்டன் மனம் மாறியது, சேனல் தருகிறோம் என்று மறுபடியும் சொன்னார்கள். காசு கட்டாமல் இருந்தவர்கள் எல்லாம் கட்டினார்கள். எம்லின் ஆசையோடு கொட்டகைப் பக்கம் பார்த்தான். சொல்றது வேற, வர்றது வேற, ஒரு தடவை பார்த்தாச்சு என்றாள் நெஸ்டா. இரண்டு குளிர்காலம் அவன் ரக்பி ஆட்டத்தை என் கடைச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். உள்ளே வா என்று கூப்பிட்டாலும் வர மாட்டான். காசு கொடுக்காமல் பார்ப்பதில்லை என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், தெருவில் நின்றால் அது பார்ப்பதில்லை, வழியில் போகும்போது கண்ணில் படுவதாம். லைசென்ஸில் பெண்டாட்டி பேருக்குப் பின்னால் ஒளிந்த மூப்பர் என்று சபையில் கேலி செய்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டான். அந்த இரண்டு வருஷத்தில்தான் எனக்கு எம்லினை நிஜமாகப் பிடித்தது.

சேனல் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு சோதனைக்காக ஒளிபரப்பு வர ஆரம்பித்தது. எங்கள் பள்ளத்தாக்கின் ஏரியல்கள் எல்லாம் கிழக்கே, இங்கிலாந்துப் பக்கக் கோபுரத்தைப் பார்த்து நின்றிருந்தன. எல்லாவற்றையும் இறக்கி மேற்கே திருப்ப வேண்டியிருந்தது. வாழ்நாளில் எனக்கு அப்படி வேலை வந்ததில்லை. பிரின் ஐதின் முறை வந்த மதியம் காற்று சுழற்றி அடித்தது, மழை பக்கவாட்டில் வந்தது. கொட்டகையிலிருந்து பெட்டியை அடுக்களைக்குக் கொண்டுவந்து, கோழி எச்சத்தை நெஸ்டா சோப்புப் போட்டுக் கழுவினாள். நான் மேட்டில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் சத்தம் வீட்டுக்கு எட்டாது, அதனால் நடுவில் கல்சுவர்க் கேட்டில் எம்லின், வீட்டு வாசலில் நெஸ்டா, உள்ளே பெட்டிக்கு முன்னால் மெலெரி.

"வருதா?" என்று நான் கத்துவேன். எம்லின் கீழே பார்த்து வருதா என்பான். நெஸ்டா உள்ளே கேட்பாள். பதில் அதே வழியில் ஏறி வரும். இல்லை. ஒரு விரல் அளவு திருப்புவேன். வருதா? கோடு கோடா வருது. இன்னும் கொஞ்சம். வருதா? ஆள் இருக்காங்க, தலை இல்ல. என் கை மரத்துவிட்டது. தலை வரும்வரை இறங்கக் கூடாது என்று வைராக்கியமாக இன்னும் ஒரு தட்டு தட்டினேன்.

"வருதா?"

கீழே நெஸ்டா வாசலிலிருந்து உள்ளே திரும்பினாள். நேரம் எடுத்தது. அவள் எம்லினிடம் ஏதோ சொன்னாள். எம்லின் என் பக்கம் திரும்பவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான், அந்த மழையில் அதற்கு அர்த்தமே இல்லை. பிறகுதான் மேலே பார்த்துக் கத்தினான்.

"ஏரியல்! மெலெரி சொல்றா, அது நம்மள மாதிரியே பேசுதாம்!"

நான் கம்பத்தை விடவில்லை. விட்டிருந்தால் காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும், அவ்வளவு லேசாக இருந்தது எனக்கு. அதற்குள் வாசலில் நெஸ்டா மறுபடியும் கையை வாயருகே குவித்து ஏதோ கத்தினாள். எம்லின் கேட்டான், இன்னொரு தடவை கேட்டான், பிறகு பழக்க தோஷத்தில் வார்த்தை மாறாமல் அதை அப்படியே எனக்கு அனுப்பினான்.

"போஸ்ட் ஆபீஸ் மூடப் போகுதாம்! எம்லினை உடனே போகச் சொல்றா! அவன் பேர்ல எடுக்கணுமாம்!"

கத்தி முடித்த பிறகுதான் அந்த எம்லின் யார் என்பது அவனுக்கு உறைத்தது. தொப்பியைத் தலையில் வைத்தான், கேட்டைத் திறந்தான், திறந்ததை மூடாமலேயே சரிவில் ஓட ஆரம்பித்தான். நாய் பின்னால் ஓடியது. இருபது வருஷம் அந்த மலையில் கேட்டை மூடாமல் போகிறவர்களைத் திட்டிய மனிதன் அவன்.

டிலிஸ் பிறகு என்னிடம் சொன்னாள். யார் பேரில் என்று அவள் கேட்டதும், நனைந்த கோழி மாதிரி நின்ற எம்லின் சபையில் ஜெபம் சொல்கிற குரலில் தன் பேரையும் பண்ணைப் பேரையும் சொன்னானாம். பின்னால் தபால்தலை வாங்க நின்றிருந்த க்விலிம் மூப்பர் ஆமென் சொன்னாராம். நான் மேட்டிலிருந்து இறங்க இருட்டிவிட்டது. அவன் திறந்துபோட்ட கேட்டை நான்தான் மூடினேன், இரண்டு ஆடுகள் அதற்குள் வெளியே போயிருந்தன. அவற்றை மடக்கி உள்ளே விட மெலெரி லாந்தரோடு ஓடி வந்தாள். நாயிடம் இங்கிலீஷில் சத்தம் போட்டாள், ஆடுகளிடம் வெல்ஷில் கெஞ்சினாள், இரண்டும் அவள் சொன்னதைக் கேட்டன.